கப்பலில் வந்த உதிரிப்பாகம்

கேமரன் மலையின் லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் பழைய லேண்ட் ரோவர் வண்டிகளை இன்றும் காணலாம். கோசும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு அவை செங்குத்தான மண்பாதைகளில் ஏறி இறங்குகின்றன. தேயிலைத் தோட்டங்களுக்குச் செல்லும் குறுகிய சாலைகளிலும் தென்படுகின்றன. அவற்றுள் பல, ஓட்டுநரைவிட வயதில் மூத்தவை. முதல் லேண்ட் ரோவர் 1948ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்தது. அந்தப் பழைய வரிசையின் உற்பத்தி 1985இல் நின்றுவிட்டது. இருப்பினும், வண்டிகள் நிற்கவில்லை. அவற்றுக்கு வேண்டிய உதிரிப்பாகங்கள் எங்கிருந்தோ கிடைத்துக்கொண்டே இருப்பதுதான் காரணம்.

தாப்பாவிலிருந்து மலையேறும் வண்டி ஒன்றை எண்ணிப் பாருங்கள். வளைவுகள் கூடக் கூட இயந்திரம் சூடேறுகிறது. ரேடியேட்டரில் உள்ள நீர் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்கிறது. ரேடியேட்டரின் வாயை ஒரு சிறிய மூடி இறுக அடைத்திருக்கிறது. உள்ளே அழுத்தம் கூடுவதால், நீர் 100 பாகை செல்சியசைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. அந்த மூடியின் ரப்பர் வளையம் நைந்துபோனால் அழுத்தம் குறையும். நீர் கொதித்து வெளியேறும். வண்டி சாலையோரத்தில் நிற்கும். உள்ளங்கையில் அடங்கும் ஒரு பொருள் ஒரு வண்டிச் சுமையையே நிறுத்திவிடுகிறது.

இன்று அந்த மூடியைப் படம் பிடித்துக் கைப்பேசியில் அனுப்பினால் கடைக்காரர் உடனே விலை சொல்லிவிடுவார். நூறு ஆண்டுகளுக்கு முன் நிலைமை வேறு. தென்னிந்தியாவில் ஓடிய மோட்டார் வண்டிகள் அனைத்தும் கடல் கடந்து வந்தவை. அவற்றின் ஒவ்வோர் உதிரிப்பாகத்துக்கும் கடிதம் எழுத வேண்டும்; பின்னர்க் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் மோட்டார் தொழிலில் இறங்கித் தென்னகத்தின் சாலைப் போக்குவரத்துக்கு அடித்தளம் இட்டவர்களுள் ஒருவர், டி. வி. சுந்தரம் ஐயங்கார்.

சுந்தரம் ஐயங்கார் 1877ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் திருநெல்வேலி மாவட்டத்தின் திருக்குறுங்குடியில் பிறந்தார். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த பழம்பெரும் கோயில் ஊர் அது. அவருடைய பெயரின் முன் உள்ள முதல் எழுத்து இந்த ஊரையே குறிக்கிறது. மகன் வழக்கறிஞராக வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். அவ்வாறே அவரும் வழக்கறிஞராகத் தொடங்கினார். ஆனால், அதில் நிலைக்கவில்லை. இரயில்வேயில் பணியாற்றினார்; பிறகு வங்கியிலும் பணியாற்றினார். மாதச் சம்பளம் உறுதியாகக் கிடைக்கும் வேலையை விட்டு விலகுவது அந்நாளில் துணிவான செயல். படித்த குடும்பங்களில் வணிகம் இரண்டாம் இடத்தில் வைத்துத்தான் பார்க்கப்பட்டது. அவர் விலகினார். 1911ஆம் ஆண்டு தம் பெயரில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 34. டி.வி.எஸ். என்ற மூன்றெழுத்துப் பெயர் அங்கிருந்துதான் பிறந்தது.

மதுரையை மையமாகக் கொண்டு அவர் பேருந்துகளை ஓட்டினார். அக்காலப் பேருந்து இன்றைய பேருந்து போன்றதன்று. இயந்திரமும் சட்டகமும் வெளிநாட்டிலிருந்து வரும். அதன் மேல் மரத்தாலான கூண்டை உள்ளூர்த் தச்சர்கள் அமைப்பார்கள். இயந்திரத்தைக் கிளப்ப, முன்புறத்தில் ஓர் இரும்புப் பிடியைச் செருகிக் கையால் சுழற்ற வேண்டும். சாலைகளோ மாட்டு வண்டிகளுக்காகப் போடப்பட்டவை. மாடுகளின் குளம்பில் அடித்த லாடங்களிலிருந்து கழன்ற ஆணிகள் வழியெங்கும் சிதறிக் கிடக்கும். டயர் பஞ்சராவது அன்றாட நிகழ்ச்சி.

இந்த ஆணிகளை அகற்றச் சுந்தரம் ஐயங்கார் எளிய வழி ஒன்றைக் கையாண்டார். காந்தம் பொருத்திய வண்டி ஒன்றைச் சாலையில் ஓடவிட்டார். காந்தம் ஆணிகளை ஈர்த்துக்கொள்ள, பின்னால் வரும் பேருந்துகள் தடையின்றிச் சென்றன. பேருந்து வருவதைப் பார்த்து மக்கள் தங்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டார்கள் என்று மதுரை வட்டாரத்தில் சொல்லப்படுவதுண்டு. இதில் சற்று மிகை இருக்கலாம். ஆனால், எந்த நிறுவனத்தைப் பற்றியும் ஊர் இப்படி மிகைப்படுத்திப் பேசிவிடாது. அரை நாள் காத்திருந்தாலும் வண்டி வருமா என்ற ஐயம் இருந்த காலத்தில், குறித்த நேரத்தில் வந்து நின்ற பேருந்து மக்களுக்குப் புதுமையாகத் தோன்றியது.

நேரந்தவறாமை வெறும் ஒழுக்கத்தால் மட்டும் வந்துவிடுவதன்று. பட்டறையில் உதிரிப்பாகம் இருந்தால்தான் வண்டி நேரத்துக்குக் கிளம்பும். அந்தப் பாகத்தை வரவழைப்பது எவ்வளவு பெரிய வேலை என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

வண்டியை உருவாக்கிய நிறுவனம் ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் எண் கொடுத்திருக்கும். அந்த எண்களைத் தாங்கிய தடித்த பட்டியல் புத்தகம் முகவரிடம் இருக்கும். தேய்ந்துபோன பல்சக்கரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, படத்தோடு ஒப்பிட்டு, எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். வண்டி எந்த ஆண்டில் செய்யப்பட்டது, அதன் சட்டக எண் என்ன, எத்தனை பாகம் வேண்டும், எந்தத் துறைமுகத்துக்கு அனுப்ப வேண்டும், பணம் எந்த வங்கி வழியாக வரும் என்பனவற்றையெல்லாம் கடிதத்தில் தெளிவாக எழுத வேண்டும். கடிதம் கப்பலில் செல்லும். அதைப் படித்தவர்கள் பாகத்தைப் பெட்டியில் அடைத்து அனுப்புவார்கள்; அதுவும் கப்பலில் வரும். இங்கிலாந்திலிருந்து வரும் கப்பலுக்கே சில வாரங்கள் பிடிக்கும். அமெரிக்காவிலிருந்து வருவதென்றால் இன்னும் கூடுதல் நாள் ஆகும். எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருந்தால், மாதக்கணக்கில் காத்திருந்து திறந்த பெட்டியில் வேறொரு வண்டிக்கு உரிய பாகம் இருக்கும். தந்தி விரைவானது. ஆனால், சொல்லுக்குச் சொல் கட்டணம் கட்ட வேண்டும். அதனால் அவசரமான வேளையில் மட்டும் அதை நாடினார்கள்.

இத்தகைய சூழலில் பேருந்து நடத்துபவருக்கு ஒரே வழிதான் உண்டு. எந்தப் பாகம் எப்போது பழுதாகும் என்று முன்கூட்டியே கணித்து வாங்கி வைக்க வேண்டும். குறைவாக வாங்கினால் வண்டி நிற்கும். அளவுக்கு மீறி வாங்கினால் பணம் அலமாரியில் முடங்கித் துருப்பிடிக்கும். இந்தக் கணக்கைத் தம் பேருந்துகளுக்காகக் கற்றுக்கொண்ட நிறுவனம், பின்னர் அதையே பிறருக்குச் செய்யும் சேவையாகவும் மாற்றிக்கொண்டது. உதிரிப்பாக விற்பனைக்கென்றே ‘மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ்’ என்னும் நிறுவனம் உருவானது. சரக்குந்துகளையும் பேருந்துகளையும் ‘சதர்ன் ரோட்வேஸ்’ நடத்தியது. ‘சுந்தரம் மோட்டார்ஸ்’ வண்டி விற்பனையையும் பழுதுபார்க்கும் பணியையும் கவனித்தது.

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தோடு டி.வி.எஸ். கொண்ட உறவு இந்தக் கட்டத்தில் குறிப்பிடத்தக்கது. எளியவர் வாங்கும் செவர்லே முதல் செல்வர்கள் வாங்கும் காடிலாக் வரை பல வகை மகிழுந்துகளை உருவாக்கிய பெரு நிறுவனம் அது. 1928ஆம் ஆண்டு அது பம்பாயில் வண்டிகளைப் பொருத்தும் தொழிற்சாலையைத் தொடங்கியது. தென்னிந்தியாவில் அதன் வண்டிகளை விற்கும் முகவராகச் சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம் விளங்கியது. முகவர் என்பவர் வண்டியை விற்றதும் விலகிவிட முடியாது. வாங்கியவருக்குப் பாகம் வேண்டும்போது அவர்தான் பதில் சொல்ல வேண்டும். உற்பத்தியாளர் கடலுக்கு அப்பால் இருக்கிறார். வாடிக்கையாளர் வாசலில் நிற்கிறார். இருவருக்கும் இடையில் கடிதங்களும் கணக்குகளும் மட்டுமே பாலமாக இருந்தன.

உலகின் பிற பகுதிகளிலும் இந்த நிலைதான். இரண்டாம் உலகப் போருக்கு முன், ஆடம்பர மகிழுந்துக்குப் பெயர்பெற்ற ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனமேகூட வண்டி முழுவதையும் தானே செய்யவில்லை. இயந்திரத்தையும் சட்டகத்தையும் மட்டும் செய்து கொடுக்கும். மேற்கூட்டை வேறு நிறுவனங்கள் கட்டும். முகப்பில் ஒளிவீசும் பெரிய விளக்குகளுக்கு லூக்காஸ் போன்ற மின்கருவி நிறுவனங்களை நாடும். அரண்மனை வாசலில் நிற்கும் வண்டியைப் பார்ப்பவர்களுக்கு முகப்பில் உள்ள சின்னம் மட்டுமே தெரியும். அதன் விளக்கைச் செய்தவர் பெயரை எவரும் கேட்பதில்லை, விளக்கு அணையும் வரை.

சுந்தரம் ஐயங்காருக்குப் பெரிய சோதனை இரண்டாம் உலகப் போரின்போது வந்தது. 1939இல் போர் மூண்டது. பெட்ரோல் படைகளுக்குத் தேவைப்பட்டது. பொதுமக்களுக்குப் பங்கீட்டு அளவே கிடைத்தது. பேருந்துகள் ஒவ்வொன்றாக நிற்கத் தொடங்கின. அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. அந்த வயதிலும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. பெட்ரோலுக்குப் பதிலாகக் கரிவாயுவில் வண்டியை ஓட்டும் கருவியை உருவாக்கி, டி.வி.எஸ். பெயரிலேயே வெளியிட்டார்.

அதன் செயல்முறை எளிமையானது. வண்டியோடு ஓர் உருளை அடுப்பைப் பொருத்துவார்கள். அதில் மரக்கரியைக் குறைந்த காற்றில் எரிக்கும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் எரியும் வாயு உண்டாகிறது. அதை வடிகட்டி, குளிர்வித்து, இயந்திரத்துக்குள் செலுத்தினால் பெட்ரோலைப் போலவே அது எரிந்து வண்டியை ஓட்டும். ஆனால், வலிமை குறைவு. மேட்டில் ஏறும்போது வண்டி திணறும். புறப்படுவதற்கு வெகுநேரம் முன்பே அடுப்பை மூட்டிக் காற்றூத வேண்டும். சாம்பலை அள்ளிக் கொட்ட வேண்டும். நச்சு வாயு என்பதால் கசிவு இல்லாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓட்டுநருக்கும் உதவியாளருக்கும் உடலெல்லாம் கரி. எனினும், கரிவாயு பொருத்திய பேருந்துகள் ஓடின. சந்தைக்குப் போக வேண்டியவர் போனார். மருத்துவமனைக்குப் போக வேண்டியவரும் போனார்.

அந்தப் போரின் இன்னொரு நெருக்கடி நம் நாட்டோடு நேரடியாகத் தொடர்புடையது. 1942ஆம் ஆண்டு சனவரி இறுதிக்குள் மலாயா முழுவதும் ஜப்பானியர் வசமானது. பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரும் வீழ்ந்தது. அன்று உலகின் இயற்கை ரப்பரில் பெரும்பகுதி தென்கிழக்காசியாவிலிருந்துதான் சென்றது. மலாயாத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களில் மிகப் பலர் தமிழகத்திலிருந்து வந்தவர்கள். அந்தத் தோட்டங்களின் ரப்பர் மறுகரைக்குப் போவது நின்றதும் தமிழகத்தில் டயர் கிடைப்பது அரிதாயிற்று. தேய்ந்த டயரைத் தூக்கி எறிய முடியாத நிலை. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம் தேய்ந்த டயர்களைப் புதுப்பிக்கும் ஆலைகளை நடத்தியது. வழவழப்பாகிவிட்ட மேற்பரப்பைச் சுரண்டி எடுத்து, புதிய ரப்பர்ப் பட்டையை ஒட்டி, அச்சில் வைத்துச் சூடேற்றினால் டயர் மீண்டும் சில ஆயிரம் கல் ஓடும். இங்கே ஆட்சி மாறி ரப்பர் தேங்கியது. அங்கே அதே ரப்பர் இல்லாமல் பழைய டயருக்குப் புதுத் தோல் போர்த்தினார்கள். கடலின் இரு கரையிலும் இருந்த தமிழ்க் குடும்பங்களை ஒரே போர் இருவேறு வகையில் தொட்டது.

தொழிலில் எதற்கும் மாற்றுவழி கண்ட அவருக்கு, வீட்டில் நேர்ந்த துயரம் எளிதில் தீரக்கூடியதாக இல்லை. அவருடைய மகள் சௌந்தரம் 1904இல் பிறந்தவர். அக்கால வழக்கப்படி இளம் வயதிலேயே அவருக்குத் திருமணம் நடந்தது. கணவர் சௌந்தரராஜன் ஒரு மருத்துவர். கொள்ளைநோயாகிய பிளேக் பரவியபோது அவர் அந்நோய்க்குப் பலியானார். சௌந்தரத்துக்கு அப்போது இருபது வயதுதான் கடந்திருந்தது. கணவரை இழந்த பெண் வீட்டின் ஓர் அறைக்குள் முடங்குவதே அன்றைய வைதிகக் குடும்பங்களின் எதிர்பார்ப்பு. பெற்றோர் அதற்கு இணங்கவில்லை. மகளைத் தில்லியிலுள்ள லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பிப் படிக்க வைத்தனர். 1936இல் அவர் மருத்துவராகப் பட்டம் பெற்றார்.

கதை அத்துடன் முடியவில்லை. காந்தியடிகளின் தொண்டர்களுள் ஒருவரான கேரளத்தைச் சேர்ந்த ஜி. இராமச்சந்திரனை மறுமணம் செய்துகொள்ளச் சௌந்தரம் விரும்பினார். மறுமணம் ஒரு தடை. வேறு சமூகம் என்பது மற்றொரு தடை. பெற்றோர் முதலில் எதிர்த்தனர். மகளைப் படிக்க அனுப்பிய அதே தந்தையால் இதை ஏற்க முடியவில்லை. பெரிய மனிதர்களின் வாழ்க்கையை எழுதுபவர்கள் இத்தகைய இடங்களை விரைவாகக் கடந்துவிடுவது உண்டு. ஆனால், காலத்தை முந்திச் சென்றவர்களும் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் சென்றுவிடுவதில்லை. ஓராண்டுக் காலம் இருவரும் பிரிந்திருக்க வேண்டும், அதன் பிறகும் மனம் மாறாவிடில் மணந்துகொள்ளலாம் என்று காந்தியடிகள் வழி கூறினார். ஓராண்டு கழிந்தது; மனம் மாறவில்லை. 1940ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் அவருடைய ஆசியுடன் திருமணம் நடந்தது. 1947இல் திண்டுக்கல் அருகே அவ்விருவரும் தொடங்கிய காந்திகிராமம், கிராமப்புற மக்களுக்கு மருத்துவமும் கல்வியும் வழங்கும் நிலையமாக வளர்ந்தது. சௌந்தரம் பின்னர் இந்திய நடுவண் அரசில் கல்வித் துணை அமைச்சராகவும் பொறுப்பு வகித்தார்.

முதுமையில் சுந்தரம் ஐயங்கார் நிறுவனப் பொறுப்புகளைத் தம் மகன்களிடம் ஒப்படைத்துவிட்டு விலகினார். கேமரன் மலையைப் போலவே குளிர்ந்த காற்றும் மூடுபனியும் சூழ்ந்த கொடைக்கானலில் தங்கினார். 1955ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் அங்கேயே காலமானார். அப்போது அவருக்கு வயது 78.

அவர் மறைவதற்குச் சற்று முன்தான் இந்திய மோட்டார் தொழிலின் போக்கு மாறியிருந்தது. வெளிநாட்டுப் பாகங்களைக் கொண்டுவந்து பொருத்துவது மட்டும் போதாது, உள்நாட்டிலேயே செய்ய வேண்டும் என்று இந்திய அரசு வலியுறுத்தியது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் பம்பாய்த் தொழிற்சாலையை மூடிவிட்டுச் சென்றது. கடிதம் எழுதிப் பாகம் வரவழைக்கும் வழி குறுகியது. வாங்கி விற்று வந்த டி.வி.எஸ். குடும்பத்தார் தாங்களே செய்யத் தொடங்கினர். சக்கரங்களுக்காக 1960இல் ‘வீல்ஸ் இந்தியா’, மின்கருவிகளுக்காக 1961இல் ‘லூக்காஸ் டி.வி.எஸ்.’, தடைக்கருவிகளுக்காக 1962இல் ‘பிரேக்ஸ் இந்தியா’ என ஒன்றன்பின் ஒன்றாக நிறுவனங்கள் தோன்றின. ரோல்ஸ் ராய்சுக்கு விளக்கு செய்த அதே லூக்காஸ் நிறுவனம்தான் சென்னையில் அவர்களோடு கூட்டுச் சேர்ந்தது. லெம்பா பெர்த்தாமில் ஓடும் பழைய லேண்ட் ரோவர்களின் விளக்கையோ மின்னாக்கியையோ துடைத்துப் பார்த்தால் லூக்காஸ் என்ற பெயரை அங்கும் காணலாம்.

திருகாணிகளும் மறைகளும் செய்வதற்காக அதே குடும்பத்தில் பிறந்தது, ‘சுந்தரம் பாசனர்ஸ்’. 1990களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ், பிரிட்டனில் இருந்த தன் ரேடியேட்டர் மூடித் தொழிற்சாலையை மூட முடிவு செய்தது. அதன் இயந்திரங்களைச் சுந்தரம் பாசனர்ஸ் வாங்கிச் சென்னைக்குக் கொண்டுவந்தது. மூடியின் தரத்தில் சிறிதும் மாற்றம் இருக்கக்கூடாது, குறித்த நாளில் சரக்கு வந்து சேர வேண்டும் என்பன வாங்குபவரின் நிபந்தனைகள். ஒருநாள் சரக்கு தாமதமானால் அமெரிக்காவில் மகிழுந்து பொருத்தும் வரிசையே நின்றுவிடும். நிபந்தனைகள் நிறைவேறின. ஜெனரல் மோட்டார்ஸ் அந்நிறுவனத்தைத் தன் சிறந்த உதிரிப்பாக வழங்குநர்களுள் ஒன்றாகப் பல ஆண்டுகள் தேர்ந்தெடுத்துப் பாராட்டியது.

ஒரு காலத்தில் மதுரையிலிருந்து பாகம் கேட்டுக் கடிதம் சென்ற அதே நிறுவனம், இப்போது சென்னைக்குப் பாகம் கேட்டு எழுதியது. உள்ளங்கையில் அடங்கும் அந்த மூடிகள் பெட்டி பெட்டியாகக் கப்பலேறின.